தம் கட்டாதீங்க!

விடியற்காலை மூன்றரை மணி. சென்னையின் மேற்கு விளிம்பில், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ அருகே, மெட்ரோ தூண் ஓரமாகப் பையோடு நிற்கிறேன். பையில் மாஸ்க், ஃபின்ஸ், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டு. நண்பரின் கார் வந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் புதுச்சேரி போவோம். இரண்டு முறை கடலுக்குள் இறங்கி ஏறிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுவோம். அன்றைக்கு அந்த நோட்டில் இரண்டு வரி கூடியிருக்கும். நூறு வரி சேர்ந்தால்தான் ஸ்கூபா பயிற்சியாளர் தேர்வுக்கே உட்கார முடியும்.

"கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா இது?" என்று அம்மா கேட்கிறார். பதில் 2015 டிசம்பரில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பெருகி, எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் முகலிவாக்கம், மணப்பாக்கம் தெருக்களில் ஏறியது. அந்த நாட்களில் நகரத்து மக்களை மீட்கக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் அவர்கள் நடந்த விதமே வேறு. நாங்கள் ஏரிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். ஆனாலும் போரூர் ஏரியைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. தண்ணீர் பயத்தைப் போக்கத் தெரிந்த ஒரு ஆளாவது இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அன்று மனதில் விழுந்தது இன்னும் போகவில்லை.

ஸ்கூபா கற்றுக்கொடுக்கப் பல அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'பாடி' (PADI) அவற்றில் பெரியது. நான் போகும் வழியும் அதுதான். ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ் மாஸ்டர் என்று படிப்படியாக ஏற வேண்டும். டைவ் மாஸ்டர் ஆவதற்கே 400 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும்; 15 நிமிடம் மிதக்க வேண்டும், அதில் கடைசி இரண்டு நிமிடம் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு. அதற்கு மேல் பயிற்சியாளர் வகுப்பு. வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று வேண்டும். இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், உழைத்தால் வந்துவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நன்றாக டைவ் அடிப்பவன் நல்ல வாத்தியாராக இருப்பான் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். ஆனால் அங்கே முதலில் பார்ப்பது நிதானத்தைத்தான். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் அதை வெளியேற்றுவது எனக்கு மூன்று விநாடி வேலை. அதையே மாணவருக்குச் செய்து காட்டும்போது, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்துவது தனி, தலையை நிமிர்த்துவது தனி, மூக்கால் ஊதுவது தனி என்று கூத்துக்காரர் அடவு பிரித்துக் காட்டுவது போலக் காட்ட வேண்டும். இப்படி 24 செயல்கள். பழகிப்போன கையை மறுபடி பழகாத கையாக்குவதற்கு எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

தேர்வு வழக்கமாக இரண்டு நாள். எழுத்துத் தேர்வில் இயற்பியல், உடலியல், கருவிகள் என ஐந்து பகுதிகள். 75 விழுக்காடு எடுக்க வேண்டும். நீச்சல்குளத்திலும் கடலிலும் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே மாணவராக வருவதும் சக தேர்வர்தான். அவரிடம் தேர்வாளர் ரகசியமாக ஒரு தப்பைச் சொல்லி அனுப்பியிருப்பார். மூச்சுவிடக் கடித்திருக்கும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தவர் மெல்லக் குமிழி விட மறப்பார். அல்லது ஒரு படியைத் தாண்டிப் போவார். அதைக் கண்டுபிடித்துத் திருத்தாமல் விட்டால் மதிப்பெண் சரியும். கடலில் ஒரு பயிற்சியாளர் எட்டு மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. எட்டு ஜோடிக் கண்களையும் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சோதனை. எனக்கு இதுவே தேர்வின் உயிரான பகுதியாகப் படுகிறது.

மீட்புப் பயிற்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நினைவிழந்தவராக ஒருவர் நீர்ப்பரப்பில் மிதப்பார். ஐந்து விநாடிக்கு ஒரு முறை அவருக்கு மூச்சு ஊதிக்கொண்டே, கரையை நோக்கி இழுத்துக்கொண்டே, அவருடைய எடைக் கட்டு, சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட், பிறகு என்னுடையது என ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டும். எண்ணிக்கை தவறக் கூடாது. முதல் முறை ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டியதில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். "இப்போது அவர் செத்துப்போயிருப்பார்" என்றார் பயிற்சி கொடுத்தவர், குரலை உயர்த்தாமல். அன்றிரவு படுக்கையில்கூட ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றிலோ குளத்திலோ நீச்சல் பழகிய தமிழருக்கு முதலில் சொல்லித்தந்தது 'தம் கட்டு' என்பதுதான். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் அந்தத் தம்மை நம்பித்தான் இறங்கினார்கள்; கல்லைக் கட்டிய கயிற்றில் இறங்கி, அடக்கிய மூச்சு தீர்வதற்குள் அள்ளிக்கொண்டு ஏறினார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள் இன்றும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தம் கட்டி, கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்களைவிடக் கடல் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஸ்கூபாவின் முதல் விதியே தம் கட்டக் கூடாது என்பது. காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், வரும் வழியில் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. மேலிருந்தே மூச்சை இழுத்துக்கொண்டு போகும் சங்குகுளிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் நெஞ்சில் இருக்கும் காற்று உள்ளே போகும்போது சுருங்கும், வெளியே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக உயிரைக் காத்த அதே பழக்கம், முதுகில் சிலிண்டர் ஏறியதும் உயிருக்கு உலை வைக்கிறது. சங்கு எடுப்பவர்களும் இப்போது சிலிண்டர், கம்ப்ரசர் என்று மாறிவிட்ட காலத்தில், இதை அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

எனக்குக் கிடைத்த பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆழத்தில் காது அடைப்பதற்கு விமானத்தை உதாரணம் சொல்வார்கள். விமானம் ஏறாதவரிடம் நான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி இறங்கும் பஸ்ஸைச் சொல்கிறேன். உடனே கை காதுக்குப் போகிறது. சைகைகளிலும் நம்மவர்களுக்குத் தனிப் பாடம் தேவை. கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு 'சூப்பர்'. தண்ணீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். நம் தலையாட்டலில் எது ஆமாம், எது இல்லை என்று உள்ளே யாருக்கும் புரியாது. இதையெல்லாம் தேர்வில் கேட்கமாட்டார்கள். நான் தனி நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன்.

2021 பிப்ரவரியில் நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு திருமணம் நடந்தது. புதுச்சேரிப் பயிற்சியாளர் அரவிந்த் தருண்ஸ்ரீ முன்னின்று நடத்திய அதைப் பத்திரிகைகள் கொண்டாடின. எல்லோரும் மாலையையும் பட்டையும் பார்த்தார்கள். பட்டுச் சேலையோடு ஒரு மணப்பெண் பதற்றமில்லாமல் மூச்சுவிட, அதற்கு முன் எத்தனை நாள் பழக்கியிருப்பார்கள் என்றுதான் என் யோசனை ஓடியது.

போன மாதம் ஒரு நீச்சல்குள வகுப்பில் பயிற்சியாளருக்கு உதவியாக நின்றேன். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, மகன் சேர்த்துவிட்டிருக்கிறான். இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்ததும் விக்கித்து எழுந்துவிட்டார். மூன்று முறை. "தம்பி, மூச்சு முட்டுது, எனக்கு வராது" என்றார். சிலிண்டர் நிறைய, 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தது. அவரோ இழுத்த முதல் மூச்சை விடவே இல்லை.

"தம் கட்டாதீங்க, அக்கா. உள்ளே இருக்கறத முதல்ல விடுங்க."

நான்காவது முறை முகம் தண்ணீருக்குள் போனது. என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் காதோரமாகக் குமிழிகள் கொத்தாக எழும்பி வந்தன. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கொத்து. முழங்கையில் பிடி தளர்ந்தது.

குளத்து வகுப்பை அந்த நோட்டில் கணக்கு வைக்க முடியாது. அதில் இன்னும் எண்பத்து மூன்று வரிதான்.