குளிர்பெட்டிக்கும் புகை உண்டு

கம்மாபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் காலையில் கறந்த பால், மாட்டின் உடல் சூடு ஆறுவதற்குள் சொசைட்டிக்குப் போகிறது. அந்தச் சூட்டில் கிருமிகள் மளமளவெனப் பெருகும். சில மணி நேரத்தில் பால் கெட்டுவிடும். அதனால்தான் பாலைக் குளிரூட்டும் தொட்டியில் ஊற்றி 4 டிகிரி செல்சியஸ் வரை இறக்குகிறார்கள். கடலூர் துறைமுகத்திலும் முடசல் ஓடையிலும் மீனைக் காப்பது ஐஸ் கட்டி. இங்கே பாலைக் காப்பது இந்தத் தொட்டி.

இந்தக் குளிருக்கும் பூமி ஒரு விலை கொடுக்கிறது. புகைபோக்கி இல்லாத இயந்திரம் என்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. குளிர்பெட்டி இரண்டு வழிகளில் பூமியைச் சூடாக்குகிறது.

முதல் வழி: மின்சாரம்

குளிர்பெட்டி உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. அந்த வேலையைச் செய்யும் கம்ப்ரசருக்கு மின்சாரம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று கம்மாபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து எரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. பழுப்பு நிலக்கரி என்றால் இன்னும் கூடுதல். ஒரு கடையின் பிரீசர் நாளுக்கு 5 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் ஒன்றேகால் டன் கரியமில வாயு அதன் கணக்கில் சேரும்.

இரண்டாவது வழி: கசியும் கேஸ்

குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து வெப்பத்தைச் சுமப்பது கேஸ். குளிர் அறைகளிலும் உறைந்த உணவு ஏற்றும் வண்டிகளிலும் பரவலாகப் பயன்பட்ட ஆர்-404ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மேலே சொன்ன பிரீசர் மூன்று ஆண்டுகள் ஓடும் மின்சாரத்துக்கு அது ஈடு. பழைய ஆர்-22 கேஸுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய 1,800 கிலோ.

"கேஸ் இறங்கிடுச்சு, போட்டா சரியாயிடும்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல கேஸ். அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் போட்ட கேஸும் அதே வழியாக வெளியே போய்விடும்.

அப்படியானால் குளிரே வேண்டாமா?

வேண்டும். பால் கெட்டுக் கொட்டினால் மாடு தின்ற தீவனமும், குடித்த தண்ணீரும், அது விட்ட மீத்தேனும் வீண். குளிர்சாதனங்கள் விடும் வாயுவையும், குளிர் வசதி இல்லாமல் உணவு வீணாவதையும் சேர்த்தால் உலகின் மொத்த வெளியேற்றத்தில் சுமார் 4 சதவீதம் என்று 2022இல் ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன.

இந்தக் கேஸ்களுக்கு நல்ல மாற்று நம்மிடமே இருக்கிறது. புதிய வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ கசிந்தாலும் பூமியைச் சூடாக்குவது மிகச் சொற்பம், ஆனால் தீப்பற்றும். ஐஸ் பிளான்ட்டுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் அமோனியா பூமியைச் சூடாக்குவதே இல்லை. ஆனால் நச்சு வாயு. இரண்டையும் பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும். 2016இல் உருவான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி ஆர்-404ஏ போன்ற கேஸ்களை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல் 85 சதவீதக் குறைப்பை எட்ட வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிரீசர் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்புறக் காயிலில் தூசி சேர விடாதீர்கள். பழைய பெட்டியை உடைக்கப் போடும்போது கேஸை முறையாக எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மெக்கானிக் கேஸ் போடணும் என்றால், முதலில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். உங்கள் காசும் மிஞ்சும், பூமியின் சூடும் குறையும்.