வழங்கியை உறுப்புறுப்பாய் நிறுவிப் பழகுதல்

ஒரு கருவியைக் கையாளுதல் வேறு; அதனை அறிந்து கையாளுதல் வேறு. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை, கருவி செவ்வையாய் நடக்குங்காறும் புலப்படாது. அது நின்றுபோன அன்றே புலப்படும். கணினியில் இணையப் பக்கம் அமைக்கப் புகும் மாணாக்கர் இதனை மறவாதிருத்தல் நன்று. யான் தமிழ் பயில்வோனேயன்றிக் கணினியியல் வல்லேனல்லேன். ஆயினும் பட்டறிந்ததொன்றை நண்பர்க்கு உரைத்தல் கடமையெனக் கருதி இதனை எழுதலுற்றேன்.

சேமித்த செய்திகளைக் காட்டும் இணையப் பக்கமொன்று நம் கண்முன் தோன்றுதற்குப் பெரும்பாலும் மூன்று மென்பொருள்கள் ஒத்துழைத்தல் வேண்டும். முதலாவது, கேட்டவர்க்குப் பக்கத்தை எடுத்தளிக்கும் வழங்கி. அவ்வகையிற் பெயர்பெற்றது அப்பாச்சி. இரண்டாவது, செய்திகளைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம், மை எஸ்.க்யூ.எல்.லும், அதன் வழிவந்த மரியா டி.பி.யும் இவ்வினத்தன. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடைநின்று பக்கத்தை ஆக்கித்தரும் நிரல்மொழி, பி.எச்.பி. அத்தகையது. அப்பாச்சி, மை எஸ்.க்யூ.எல்., பி.எச்.பி. ஆகிய மூன்றும் 1995-ஆம் ஆண்டில் வெவ்வேறு கைகளில் தோன்றியவை. அவற்றைத் தனித்தனியே நிறுவி இணைத்தல் புதியவர்க்கு அரிதாயிருந்தமையால், அப்பாச்சி பிரண்ட்ஸ் என்னும் குழுவினர் யாவற்றையும் ஒரே தொகுப்பாய்க் கட்டி, எக்ஸாம்ப் என்னும் பெயரால் வெளியிட்டனர். சில சொடுக்குகளில் எல்லாம் நிறுவப்பட்டுவிடும். இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

யானும் முதலில் ஒரு தொகுப்பையே கைக்கொண்டேன். எங்கள் ஊராகிய சோரியாங்குப்பத்திலும் அயலூர்களிலும் நடவுக்காலத்திற் பெண்டிர் பாடும் பாட்டுக்களைத் திரட்டி ஒரு பக்கமாய் அமைக்க விழைந்தேன். பெரும்பாலானவற்றைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்; மூன்று பாட்டுக்களை மட்டும் ஆயா ஒருவர் பாடப்பாட நேரே கணினியில் ஏற்றினேன். சில வாரங் கழித்துத் திறந்து நோக்கினால், எழுத்திருந்த இடமெல்லாம் வினாக்குறிகள்! தொகுப்பை நிறுத்தி மீண்டும் இயக்கினேன், பயனில்லை. குறை எவ்வுறுப்பில் உள்ளதென்று தேடவும் அறிந்திலேன்.

காரணம் பின்னரே விளங்கிற்று. தரவுத்தளத்தில் யான் வகுத்த அட்டவணை லத்தீன் எழுத்துக்களுக்குரிய குறியீட்டு முறையில் அமைந்திருந்தது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. ஆதலின் ஒவ்வோர் எழுத்தும் உட்புகும்போதே வினாக்குறியாய் மாறிற்று. அவ்வாறு மாறியது மீளாது. குறிப்பேட்டிலிருந்தவை பிழைத்தன, அம்மூன்றும் போயின. அவற்றைப் பாடிய ஆயாவும் அதற்குள் காலமாகியிருந்தார். பிழை தொகுப்பினுடையதன்று, உள்ளிருப்பதைப் பாராமலே நம்பிய என்னுடையதே.

எங்கள் பக்கத்து உழவர் இங்ஙனந் திகைப்பதில்லை. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாய் வரும் நீர் பாகூர் ஏரியை நிரப்பி, மதகுகள் வழியே கழனிகளிற் பாய்கின்றது. வயல் காய்ந்தால், தடை அணையிலோ, வாய்க்காலிலோ, மதகிலோ என்று ஒவ்வொன்றாய்ச் சென்று பார்ப்பர். நீர்வழியை நடந்தறிந்தவர்க்கே அது கூடும்.

ஆகவே, புதியவர் ஒருமுறையேனும் பின்வருமாறு பழகுவாராக. டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் முதலில் அப்பாச்சியை மட்டும் நிறுவி, உலாவியில் அதன் முதற்பக்கம் தோன்றுகின்றதா எனப் பார்க்க. தோன்றாவிடின், அதற்குரிய 80 என்னும் போர்ட் எண்ணை வேறொரு மென்பொருள் பற்றியிருக்கின்றதா என ஆராய்க. பின்னர் பி.எச்.பி.யை நிறுவி, ஒருவரி நிரலாற் சோதிக்க. இறுதியில் மரியா டி.பி.யை நிறுவி, அட்டவணைக்கு யு.டி.எஃப்.8 எம்.பி.4 என்னும் எழுத்துமுறையை வகுத்து, ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்க. ஒவ்வொன்றின் அமைவுக் கோப்பும் பிழைப் பதிவேடும் எங்குள்ளன என்பதைக் குறித்துக்கொள்க. ஒரு படி தேறிய பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

இதனால் வரும் நன்மை மற்றொன்றும் உண்டு. எக்ஸாம்பை ஆக்கியோரே அது பயிற்சிக்கும் ஆக்கப்பணிக்கும் உரியதன்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழங்கிக்கு உரியதன்று என அறிவித்துள்ளனர். அதனை நிறுவியவுடன் தரவுத்தளத்தின் தலைமைப் பயனர்க்குக் கடவுச்சொல்லே இராது. இதனை அறியாது அப்படியே இணையத்தில் வைத்தல், கதவில்லா வீட்டிற் பொருள் வைத்தலை ஒக்கும். தானே நிறுவிப் பழகியவரோ எக்கதவு திறந்துள்ளதென அறிவர்.

தொகுப்பை வெறுக்க வேண்டுவதில்லை. விரைந்து முடிக்கவேண்டிய பணிக்கு யானும் இன்று அதனையே ஆள்கின்றேன். ஆயினும், முதற் பாட்டை ஏற்றுமுன் ஒரு சொல்லை இட்டுச் சோதிக்கின்றேன். குறிப்பேட்டில் எழுதுவதையும் விட்டிலேன். நம் முதியோரிடம் இன்னும் எத்துணையோ பாட்டுக்கள் உள. அவற்றை வாங்கிவைக்கும் கலத்தை முன்னரே அறிந்துவைத்தல், நண்பர்காள், நம் கடனன்றோ?