உங்கள் மருத்துவக் குறிப்புகளை யார் காணலாம்?

தொலைபேசியில் கேட்டால் பரிசோதனை முடிவைக் கூற மறுப்பது ஏன் என உறவினர் பலர் எங்களிடம் வினவுகின்றனர். அழைப்பவர் யார் என்பதைக் குரலை மட்டும் கொண்டு உறுதிசெய்ய இயலாது என்பதே காரணம்.

மருத்துவமனையில் சேரும் தகவல்களை நாங்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறோம். பார்வையாளர் நேரம், மருத்துவர் வரும் நாள்கள் ஆகியவை பொதுவானவை. பணியாளர் பணிநேரப் பட்டியல், மருந்து இருப்புக் கணக்கு ஆகியவை அலுவலகப் பயனுக்கு மட்டுமே உரியவை. நோயாளியின் முகவரி, கட்டண விவரம், ஆய்வு முடிவுகள் ஆகியவை இரகசியமானவை. அவ்வப் பணிக்கு உரியவர் மட்டுமே அவற்றைக் காண்பர். எச்.ஐ.வி. நிலை, மனநலச் சிகிச்சை போன்றவை மிக இரகசியமானவை. இவ்விரண்டின் இரகசியத்தையும் காக்க 2017ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளது. இத்தகைய செய்தி கசிந்தால் ஒருவரது வேலையும் திருமணமும் குலையக்கூடும். அவ்வச்சத்தால் சிகிச்சைக்கே வராதிருப்போரும் உண்டு.

ஆயினும், எல்லாவற்றையும் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. மருந்து ஒவ்வாமை அவசரப் பிரிவினருக்கு உடனே தெரியாவிடில் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் ஒவ்வாமையையும் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளையும், சிகிச்சை அளிப்போர் அனைவரும் காணுமாறு முதற்பக்கத்திலேயே பதிகிறோம். அவற்றை விடாது கூறுங்கள்.

உள்நோயாளியாகச் சேரும்போது, உங்கள் உடல்நிலையை எவரிடம் தெரிவிக்கலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிருமுன் சற்றே எண்ணுங்கள். எங்கள் காவல் அங்கே செல்லாது.