கூப்பிட்டால் திரும்புகிறதா?

அட்டன் தோட்டத்தில் தாய் கொழுந்துக்குப் போக, குழந்தை பகலெல்லாம் பிள்ளை மடுவத்தில். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை யார் கவனிப்பது? கடைவீதிக் குடும்பங்களில் நாமோ, "வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்று சமாளிக்கிறோம்.

சகோதரிகளே, இலங்கையின் புறநகர்ப் பகுதியொன்றில் டாக்டர் ஹேமமாலி பெரேரா குழுவினர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 குழந்தைகளில் ஒன்றுக்கு ஆட்டிசம் இருந்தது.

அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தில் கில்லெர்மோ சப்பீரோ, ஜெரால்டின் டோசன் குழுவினர் கணினிக்கே கவனிக்கப் பழக்கினார்கள். குழந்தை திரையில் படம் பார்க்கும். கேமரா அதன் பார்வையையும், பெயர் சொன்னதும் தலை திரும்புவதையும் அளக்கும். தாயின் கண் செய்கிற வேலைதான்! 2023இல் வெளியான முடிவின்படி, சோதித்த 475 பேரில் ஆட்டிசம் உள்ள 49 பேர். 43 பேரை அது இனங்கண்டது. ஆறு பேர் தப்பிவிட்டார்கள். முடிவு சொல்ல மருத்துவர் வேண்டும்.

உங்கள் பிள்ளை திரும்பவில்லையா? காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் நிறை பார்க்கும்போதே குடும்பநல மாதுவிடம் சொல்லிவிடுங்கள்.