ஒன்றா, இரண்டா

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் ரட்டர் டாஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். இரட்டை விண்மீன்களைப் பிரித்துப் பார்ப்பதில் அவருக்குக் கழுகுக் கண் என்று பெயர். தெருவில் எதிரே வரும் மனைவியை அடையாளம் தெரியாத அளவுக்குக் கிட்டப்பார்வை என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். காற்று அடங்கும் இரவுக்காகக் காத்திருப்பார்; அடங்கியதும் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தெரிவது ஒன்றா இரண்டா என்று பார்ப்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து 1867இல் ஒரு கணக்கை அச்சிட்டார். ஓர் அங்குல லென்ஸ் 4.56 ஆர்க் விநாடி இடைவெளியைப் பிரிக்கும். லென்ஸ் பெருக்கப் பெருக்க அந்த எண் அதே விகிதத்தில் சிறுக்கும். நம் வீட்டுத் திருமணங்களில் மணப்பெண்ணுக்குக் காட்டும் அருந்ததிக்கும் அருகிலுள்ள வசிட்டருக்கும் நடுவிலுள்ள தூரத்தில், இந்த 4.56 விநாடி ஏறக்குறைய 150இல் ஒரு பங்கு.

டாஸின் கணக்கு அனுபவத்தில் வந்தது. காரணம் ஒளியின் அலைத்தன்மையில் இருந்தது. எவ்வளவு நல்ல லென்ஸும் புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது, சிறு வட்டமாகப் பரப்பித்தான் காட்டும். இரு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் ஒன்றாகத் தெரியும். 1873இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே நுண்ணோக்கிக்கு இதைச் சூத்திரமாக்கினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எல்லை 200 நானோமீட்டர் அளவில் நின்றது. அந்தச் சூத்திரத்தைப் பின்னாளில் அந்த ஊர் நினைவுக்கல்லில் செதுக்கியும் வைத்தார்கள். 1879இல் இதே விஷயத்தை எழுதிய ரேலி பிரபு இவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. எளிதாக இருப்பதால் இந்த விதி வசதியானது, பிரிதிறன் என்பதற்கே திட்டமான பொருள் இல்லாதபோது இந்தத் துல்லியம் போதும் என்பதுதான் அவர் தொனி. வசதிக்கென்று சொன்னதைப் பாடநூல்கள் இயற்கையின் ஆணையாக இறுக்கிவிட்டன.

அன்று எல்லையைத் தள்ளிப்போட வழி, கண்ணாடியைப் பெரிதாக்குவது. 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 40 அங்குல லென்ஸ் வந்தது; டாஸின் கணக்கில் அதற்கு 0.114 ஆர்க் விநாடி. அதைவிடப் பெரிய லென்ஸ் ஆய்வுக்கு நிலைக்கவில்லை. கண்ணாடி தன் எடையாலேயே வளையத் தொடங்கும். நுண்ணோக்கியில் வேறு தந்திரம் பலித்தது. ஒளிரும் மூலக்கூறுகளைச் சேர்த்து, எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிராதபடி செய்து எல்லையைக் கடந்தார்கள். 2014இன் வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான். ஆனால் அது வேலியைச் சுற்றிக்கொண்டு போன வழி. விண்மீனுக்குச் சாயம் ஏற்ற முடியாது.

2016இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மான்கே சாங், ரஞ்சித் நாயர், சியாவ்-மிங் லூ மூவரும் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். இரு புள்ளிகளிலிருந்து வரும் ஒளி, அவற்றின் இடைவெளியைப் பற்றி எவ்வளவு தகவல் சுமந்து வருகிறது? அதில் கேமரா வாங்கிக்கொள்வது எவ்வளவு? புள்ளிகள் நெருங்க நெருங்கக் கேமராவுக்குக் கிடைப்பது பூச்சியத்தை நோக்கிச் சரிகிறது; இதற்கு ‘ரேலியின் சாபம்’ என்று பெயர் வைத்தார்கள். குவாண்டம் கணக்கிலோ, ஒளியிலுள்ள தகவல் குறையவே இல்லை. கேமரா வெளிச்சத்தின் அளவை மட்டும் பதிந்துகொண்டு, அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை, கொட்டிவிடுகிறது.

கொட்டாமல் இருக்க, வரும் ஒளியை அதன் வடிவத்தின்படி தரம்பிரிக்க வேண்டும். நடுவில் ஒரே புள்ளிதான் என்றால் எல்லா ஃபோட்டான்களும் ஒரே வடிவத்தில் அடங்கும். அடுத்த வடிவத்தில் ஒரு ஃபோட்டான் விழுந்தாலும் அது இரண்டுக்குச் சாட்சி. டொரன்டோவில் ஏஃப்ரெயிம் ஸ்டைன்பெர்க் குழு இதை இன்னும் எளிதாக்கியது. ஒளிக்கற்றையின் ஒரு பாதியின் கட்டத்தை மட்டும் தலைகீழாக்கினார்கள். ஒரே புள்ளியின் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொண்டு இருளாகும். இரண்டு என்றால் அந்த இருளில் சில ஃபோட்டான்கள் கசியும். சிங்கப்பூரிலும் செக் நாட்டின் ஓலமோட்ஸிலும் வேறு கருவிகளால் இதே கருத்தைச் சோதித்தார்கள்.

இணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. படிகம் ஒன்றில் ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் அலைநீளம் இரு மடங்கு. இணையாக எண்ணினால் அவை பழைய குறுகிய அலைநீளத்தின் கூர்மையைத் தருகின்றன, ஆனால் உயிருள்ள செல்லை அந்தக் குறுகிய அலைநீள ஒளியைப் போல் சுடுவதில்லை. கால்டெக்கில் 2023இல் லிஹோங் வாங் குழு இப்படிப் புற்றுச் செல்களைப் பார்த்தது. கிடைத்தது இரு மடங்குப் பிரிதிறன். ஆனால் ஏறக்குறைய பத்து லட்சம் ஃபோட்டான்களில் ஒன்றுதான் இப்படி இணையாகிறது; மற்றவை வீண்.

‘இரண்டு’ என்று டாஸ் எழுதியபோது இரண்டைக் கண்டிருந்தார். டொரன்டோ மேசையில் கிடைப்பது எண்ணிக்கை; அதிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுகிறார்கள், இதோ பார் என்று காட்டப் படம் கிடையாது. அந்தக் கணக்குக்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டின் நடுப்புள்ளி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இருப்பவை இரண்டுக்கு மேற்பட்டால் சிக்கல். கருவி சற்றே கோணினாலும் வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து சாபம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் முதல் சோதனைகள் மேசைமேல் வைத்த செயற்கைப் புள்ளிகளில் நடந்தன. தரையிலிருந்து அந்தக் கருவியை வானத்துக்குத் திருப்புகிறவர், முதலில் காற்று அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.