வீட்டுக்காரர் வெளியே, வந்தவர்கள் உள்ளே

சனி, ஞாயிறு பிற்பகல்களில் ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் தெருமுனைகளில் அம்புக்குறி போட்ட பலகைகள் முளைத்திருக்கும். ‘ஓபன் ஹவுஸ்’. பெரும்பாலும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. யாரிடமும் நேரம் கேட்கத் தேவையில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், அலுமாரியைத் திறக்கலாம், குசினிக் குழாயைத் திருகிப் பார்க்கலாம். ஊரில் வீடு விற்றது வேறு மாதிரி. தரகர் ஒரு குடும்பத்தைக் கூட்டிவருவார். தேத்தண்ணி கொடுத்து, உறுதியை எடுத்துக் காட்டி, விலை பேசுவோம். இங்கே தேத்தண்ணி கொடுக்கவேண்டிய ஆளே வீட்டில் நிற்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு ஓபன் ஹவுஸில் மிகக் கடினமான வேலை இதுதான்.

காரணம் எளிது. வந்தவரோடு கதைக்காமல் எங்களால் இருக்க முடியாது. “ஏஜக்ஸில் வேறு வீடு வாங்கிவிட்டோம், ஓகஸ்டில் குளோசிங்” என்று ஒரு வசனம் வாய்தவறி வந்தால் போதும். உங்களுக்கு எவ்வளவு அவசரம் என்பது வாங்க வந்தவருக்குத் தெரிந்துவிடும். மகளின் கலியாணச் செலவு, மோர்கேஜ் புதுப்பிக்கும் தேதி எல்லாம் அப்படியே. பேரம் பேசும்போது அவை உங்களுக்கு எதிராகத் திரும்பிவரும். இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால், “குசினி சின்னனப்பா” என்று மனைவி கணவனிடம் சொல்லமாட்டார். சொல்லாத குறைக்கு உங்கள் முகவர் பதிலும் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்; பிறகு வரமாட்டார்கள்.

வெளியே போய்க் காருக்குள் இருந்தபடி கமராவில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். இரண்டு பேர் தனியாகக் கதைப்பதை அவர்களில் ஒருவருடைய சம்மதமும் இல்லாமல் கருவி வைத்து ஒட்டுக்கேட்பது கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம். சொந்த வீடு என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வீடுகளின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டி நின்றது. அப்போது குப்பையைக்கூட ஒதுக்காமல் வீட்டைத் திறந்துவிட்டாலும் ‘ஒஃபர் நைற்’ அன்று போட்டிபோட ஆட்கள் வந்தார்கள். பிறகு 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் கனடா மத்திய வங்கி வட்டியை 0.25 வீதத்திலிருந்து 5 வீதத்துக்கு ஏற்றியது. அதோடு அந்தக் காலம் போய்விட்டது. இன்று வருகிறவர் அவசரப்படுவதில்லை. ஃபர்னஸ் எத்தனை வருடப் பழசு, கூரை ஓடு எப்போது மாற்றியது, சுடுதண்ணித் தாங்கி வாடகையா சொந்தமா என்று கேட்கிறார். 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசி வரை கட்டிய வீடென்றால் அலுமினிய வயரிங் இருக்கிறதா என்றும் கேட்பார். காப்புறுதி நிறுவனம் அவரைக் கேட்கும் என்பதால். இவற்றுக்குரிய பற்றுச்சீட்டுகள், சான்றிதழ்களின் பிரதிகளை ஒரு கோப்பில் போட்டுக் குசினி மேசையில் வைத்தால், ஐந்நூறு டொலர் பூங்கொத்து செய்யாத வேலையை அது செய்யும்.

அடுத்தது மணம். கறி மணத்தைப் பற்றி முகவர்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாய் வளர்க்கும் வீட்டிலும் சிகரெட் பிடிக்கும் வீட்டிலும் இதே பிரச்சினைதான். முதல் நாள் மீன் பொரிக்காமல் விடுவது போதாது. அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியின் வடிகட்டியில் பத்து வருட எண்ணெய் ஊறியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவவேண்டும், யன்னல் திரைகளைத் தோய்க்கவேண்டும், கம்பளத்தை நீராவியில் சுத்தம் செய்யவேண்டும். வனிலா மெழுகுதிரி கொளுத்துவதிலும் குக்கீ சுடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மணம் தூக்கலாக இருந்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் வந்தவர் மூக்கைச் சுளிப்பார்.

சாமியறையை என்ன செய்வது? முழுதாக எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் வாங்க வருகிறவர்களில் பலர் வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் கற்பூரப் புகை படிந்த கூரைக்கு ஒரு பூச்சுப் பெயின்ற் அடிக்கத்தான் வேண்டும். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு: எங்கள் ஆட்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள், சீனர்கள் பலர் வீட்டு இலக்கத்தில் 4 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து ரிச்மண்ட் ஹில் நகரசபை 2013இல் புதிய வீடுகளுக்கு 4 என்ற இலக்கம் கொடுப்பதையே நிறுத்தியது. வாசலையும் இலக்கத்தையும் நீங்கள் மாற்ற முடியாது. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். மாற்றக்கூடியது சுவர் நிறைய மாட்டிய சாமத்திய வீட்டுப் படங்கள். அவற்றைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். நகை, கடவுச்சீட்டு, மருந்துப் போத்தல்கள் மூன்றும் வீட்டிலேயே இருக்கக்கூடாது. பெயர் எழுதி வாங்கிக்கொண்டாலும், மேல்மாடியில் யார் எதைத் திறக்கிறார் என்று ஒரு முகவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பேஸ்மென்ற்தான் உண்மையான பரீட்சை. குடியிருப்பாளர் இருந்தால், “எங்கட பெடியன்தானே, வாயால் சொன்னால் போதும்” என்று நினைக்காதீர்கள். வாங்க வருகிறவருக்குக் குடியிருப்பாளரின் இடத்தைக் காட்ட, 24 மணி நேரத்துக்கு முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் உள்ளே போகலாம். வீடு விற்கிறோம் என்பதற்காக அவரை எழுப்பிவிடவும் முடியாது. வாங்குபவர் தானே குடியேறப்போகிறார் என்றால்கூட, 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுக்கவேண்டும். குடியிருப்பாளரோடு முகம் கொடுத்துக் கதைத்து, அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் வெளியே சாப்பிடக் காசு கொடுத்தவர்கள் கெட்டிக்காரர். அவர் கோபத்தில் இருந்தால் வருகிறவர்களிடம் தண்ணி ஒழுகுகிற கதை முழுவதையும் சொல்லிவிடுவார்.

தண்ணி உண்மையிலேயே ஒழுகினால் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் குறையைக் கவனிப்பது வாங்குபவரின் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத, வீட்டை ஆபத்தானதாகவோ வாழத் தகாததாகவோ ஆக்கும் குறையைத் தெரிந்துகொண்டே மறைத்தால், சாவி கைமாறிய பிறகும் வழக்கு வரும். பேஸ்மென்றுக்கு நகரசபை அனுமதி இல்லாவிட்டால் ‘சட்டபூர்வமான வாடகைப் பகுதி’ என்று விளம்பரப் பத்திரத்தில் போட விடாதீர்கள்.

வருகிறவர்களில் பாதிப்பேர் அயலவர்களாக இருக்கலாம், “சும்மா பார்த்திட்டுப் போக வந்தனாங்கள்” என்று வரும் தெரிந்தவர்களாகவும் இருக்கலாம். தங்கள் வீடு என்ன விலை போகும் என்று அறிய வருகிறார்கள். எரிச்சலடைய வேண்டாம். தங்கை குடும்பத்தை இதே தெருவுக்குக் கூட்டிவர நினைப்பவரும் அவர்களுக்குள்தான் இருப்பார்.

முகவருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பெயர் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நாளை அவருடைய வாடிக்கையாளர்கள். அது தவறில்லை; ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வேலையைத் தொடங்கும் முன், முகவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ரெக்கோவின் (RECO) தகவல் கையேட்டை முகவர் உங்களுக்குத் தந்து விளக்கவேண்டும். போட்டி வந்தால், ஒருவர் கேட்ட விலையை மற்றவர்களுக்குத் திறந்து சொல்வதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையையும் அதே சட்டம் விற்பவருக்குக் கொடுத்திருக்கிறது. பலகை நடும் முன்பே இந்த இரண்டையும் கேளுங்கள்.