சாரல் நீரில் ஓர் இறகு

தூண்டில் தடம் – 14

குற்றால மலையில் பொழுது புலரும்போது கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிக்கும், ஸ்காட்லாந்து ஆறுகளில் எதிர்நீச்சல் போடும் சால்மன் மீனுக்கும் நூறாண்டுக்கு மேலான வம்பு ஒன்று உண்டு. சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகை உருக்கிச் சொட்டு வைத்தாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பளபளக்கும். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சால்மன் பிடிப்பதற்காக இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கைப் பூச்சிகளுக்கு இந்தப் புள்ளி இறகுதான் அலங்காரம். ‘ஜாக் ஸ்காட்’ என்ற புகழ்பெற்ற ஃப்ளையில் இது இல்லையென்றால் தேர்ந்த தூண்டில்காரர் அதைக் கையால் தொடமாட்டார். தென்னிந்தியக் காடுகளில் பிடிபட்ட சேவல்களின் கழுத்துத் தோல் அதற்காகவே கப்பலேறியது. இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சேவலைக் காக்கிறது. வெளிநாட்டில் ஃப்ளை கட்டுபவர்கள் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகைக் கொடுத்த விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

இறகு இங்கிருந்து போனது. அந்த இறகு செய்த வேலை மட்டும் இங்கே வந்து சேரவில்லை. தென்காசிப் பக்கம் தூண்டில் என்றால் இன்றும் மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, மண்புழு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் சிற்றாற்றுத் தண்ணீரின் மேல்மட்டத்தில் பூச்சி பொறுக்கித் திரியும் மீனை மண்புழுவும் ஈயக்குண்டும் எட்டுவதே இல்லை. அந்த மீனுக்காகத்தான் ஃப்ளை.

சாதாரணத் தூண்டிலில் எடை முழுவதும் குண்டிலும் இரையிலும் இருக்கிறது. வீசினால் குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னாலேயே போகும். ஃப்ளையில் எல்லாம் தலைகீழ். முள்ளில் கட்டிய இறகுக்கு எடையே கிடையாது. எடை நூலில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட அந்தத் தடித்த நூலைக் கம்பின் வளைவு முன்னும் பின்னும் எறிய, நூலோடு போகிறது இறகு. நூலுக்கு எண் போட்டு விற்கிறார்கள். முதல் 30 அடியின் எடைதான் அந்த எண்ணுக்குக் கணக்கு. 5-ஆம் எண் என்றால் அந்த 30 அடி சுமார் 9 கிராம். இந்த ஒரு கணக்குப் புரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்லும் பாதிச் சங்கதிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

இந்த வித்தை எவ்வளவு பழையது என்றால், கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானியர் ஏலியன் இதைப் பதிவு செய்திருக்கிறார். மாசிடோனிய ஆறு ஒன்றில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகு இரண்டும் கட்டி மீன் பிடித்தார்களாம். அவர் சொல்லும் கம்பு ஆறடி, நூலும் ஆறடி. ரீல் கிடையாது. ஜப்பானின் மலையோடைகளில் ‘டென்காரா’ என்ற முறை இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது: நீளமான கம்பு, அதன் நுனியில் நேராக முடிந்த நூல், நூல் முனையில் ஒரே ஒரு இறகுப் பூச்சி.

ஃப்ளை என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது ஊட்டியும் டிரௌட்டும். அதற்குக் காரணமும் உண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1860-களில் நீலகிரிக்கு டிரௌட் கொண்டுவர முயன்று தோற்றார். அதே மனிதர் பிறகு இந்திய மீன்களைப் பற்றி எழுதிய பெருநூல் இன்றுவரை ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. டிரௌட் நிலைத்தது அடுத்த நூற்றாண்டில்தான். எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகு, இலங்கை வழியாக வந்த ரெயின்போ டிரௌட் நீலகிரி ஓடைகளில் குடியேறியது. குளிர்ந்த நீர் இல்லாமல் அந்த மீனுக்கு வாழ்வில்லை. குற்றாலம் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை. சாரல் காலத்திலும் இந்தத் தண்ணீர் டிரௌட்டுக்கு ஒத்துவராது. அதனால் தென்காசிக்கும் ஃப்ளைக்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டுவது, நெல் விளையாத ஊரில் சோறே கிடையாது என்பதைப் போன்ற அவசரம்.

அந்த அவசரத்தை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே உடைத்தவர் ஒருவர் உண்டு. ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி, தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். ‘தி ராட் இன் இந்தியா’ என்ற அவருடைய நூல் 1873-இல் மங்களூரில் அச்சானது. 1887-இல் குளத்து மீன்பிடிப்புக்கென்றே தனி நூலும் போட்டார். ‘இந்தியாவில் தூண்டில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை’ என்று சலித்துக்கொண்ட சக இங்கிலாந்துக்காரர்களுக்கு அவர் சொன்ன மருந்து எளியது: இங்குள்ள மீன் என்ன தின்கிறது என்று முதலில் பாருங்கள். மஹசீரின் தொண்டைக்குள் இருக்கும் பல்வரிசையை ஆராய்ந்து, வாயில் பல் இல்லாத இந்த மீன் நண்டையும் நத்தையையும் எப்படி நொறுக்குகிறது என்று விளக்கினார். விரல் நீளமுள்ள வெள்ளிக் கெண்டைகளைக்கூட மெல்லிய நூலில் குட்டி ஃப்ளை கட்டிப் பிடிக்கலாம் என்றார். பெரிய மீன் பிடித்தவன் பேச்சுக்கு மட்டும் மதிப்பிருந்த காலத்தில் இப்படிச் சின்ன மீனைக் கொண்டாடியதற்காகவே அவரை நம்பலாம். சின்ன கண்ணி வலையும் ஆற்றில் நஞ்சு கலப்பதும் மீன்வளத்தை அழிக்கின்றன என்று அரசுக்கு எழுதியதும் அவர்தான்.

தாமஸின் மருந்தைச் சிற்றாற்றில் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை: ஈசல். கோடைமழையின் முதல் நனைப்பில், பிறகு ஐப்பசி மழையில், அந்தி நேரத்தில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் கூட்டம் ஆற்றின் மேலும் கொட்டும். சிறகுதிர்ந்து தத்தளிக்கும் ஈசலைத் தின்ன மேல்மட்டக் கெண்டைகள் தண்ணீரைக் கொப்புளமாகக் கிளப்பும். மலையோரத் தண்ணீரில் உடலில் வரிவரியாகப் பட்டை போட்ட ஓபஸாரியஸ், நீலக்கோடு போட்ட டெவாரியோ, நடுவே கறுப்புக் கோடு ஓடும் ரஸ்போரா ஆகியவை இந்தப் பந்திக்கு முதல் ஆள். உள்ளங்கை நீளத்தைத் தாண்டாத மீன்கள். ஆனால் கண் கூர்மை, வேகம், சந்தேகம் மூன்றிலும் டிரௌட்டுக்குச் சளைத்தவை அல்ல.

ஈசல் ஃப்ளை கட்ட வெளிநாட்டுச் சாமான் வேண்டாம். 14-ஆம் எண் முள் ஒன்று. அதன் கொக்கிமுனைப் பிசிறைக் குறடால் நசுக்கிவிட வேண்டும், மீனைக் காயமில்லாமல் விடுவதற்கு. முள்ளின் தண்டில் பழுப்புத் தையல் நூலைச் சுற்றிச் சிறு வயிறு. முதுகின் மேல் வெளிர் நிற இறகு ஒரு கீற்று, படுத்த சிறகாக. கழுத்தில் நாட்டுக்கோழிச் சேவலின் இறகு இரண்டு சுற்று. விறைப்பான அந்த இறகு இழைகள்தான் ஃப்ளையைத் தண்ணீர் மேல் நிறுத்துகின்றன. கறிக்கோழியின் இறகு இதற்கு உதவாது, நனைந்ததும் தொங்கிவிடும். ஈசல் இல்லாத நாளில் இதே அளவில் கறுப்பு நூலால் கட்டெறும்பு. வயல்வரப்பு ஓரமாக ஓடும் வாய்க்கால் என்றால் பச்சை வெட்டுக்கிளி.

கம்புக்கு வருவோம். இந்தச் சின்ன மீன்களுக்கு 3 அல்லது 4-ஆம் எண், எட்டரை அடிக் கம்பு போதும். தடித்த நூலின் நுனியில் ஒன்பதடி நீளத்துக்கு மெலிந்துகொண்டே போகும் லீடர். அதன் கடைசி முனை 0.15 மில்லிமீட்டர் நரம்பு. நூல் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டு டிரௌட்டுக்காகச் செய்த நூல் தென்காசி வெயிலில் இளகிப் பிசுபிசுத்து வளையங்களில் ஒட்டும். வெப்பநாட்டுக்கென்றே விறைப்பான உள்நூல் வைத்து விற்கிறார்கள். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். செலவு வேண்டாம் என்பவருக்கு ஜப்பான் வழி திறந்தே இருக்கிறது. பன்னிரண்டடி மெல்லிய மூங்கில், நுனியில் நாலு இழை நரம்பை முறுக்கிக் கம்பளவு நீளத்துக்கு நூல், அதற்கு மேல் நாலடி ஒற்றை நரம்பு. முறுக்கிய நரம்பின் எடையே ஃப்ளையை எடுத்துச் செல்லும்.

வீச்சில் புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் பின்பக்கம்தான் நடக்கிறது. கம்பைப் பின்னால் கொண்டுபோனதும் உடனே முன்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பின்னால் போன நூல் முழுக்க நீளும்வரை ஒரு கணம் நிறுத்த வேண்டும். நூல் நீண்டு கம்பை இழுத்தால்தான் கம்பு வளையும், வளைந்தால்தான் முன்வீச்சுக்கு வலு வரும். கடிகார முள்ளில் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே கையின் ஆட்டம் அடங்க வேண்டும் என்பது பழைய பாடம். சிற்றாற்றங்கரையில் தென்னையும் நாணலும் பின்னால் இடம் கொடுக்காது. அங்கே ‘ரோல் காஸ்ட்’: நூலைத் தண்ணீரிலேயே கிடத்தி, கம்பை மெதுவாகத் தோள்வரை உயர்த்தி நிறுத்தி, முன்னோக்கி ஒரே உதறு. நூல் வளையமாக உருண்டு முன்னே விரியும்.

எங்கே வீசுவது என்பது எப்படி வீசுவது என்பதைவிடப் பெரிய கேள்வி. அருவிகளுக்கு மேலே கூடாது. செண்பகாதேவி, தேனருவி எல்லாம் வனத்துறைக் காட்டுக்குள். இந்த மாவட்டத்து மலைக்காடுகள் 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டன. குளிக்க வருபவர் கூட்டத்தில் முள்ளை வீசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தென்காசியைத் தாண்டி, வீரகேரளம்புதூர்ப் பக்கம் அனுமன் நதி வந்து கலந்து, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேரும்வரை சிற்றாறு அணைக்கட்டு அணைக்கட்டாக நின்று நின்று போகிறது. அணைக்கட்டுக்குக் கீழே நுரைத்து விழும் தண்ணீருக்கும் ஓரத்து அமைதிக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். பூச்சிகளை வெள்ளம் அந்தக் கோட்டில்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. மீனும் அங்கேதான் நிற்கும், தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து. மீனுக்குப் பின்பக்கமிருந்து, அதாவது கீழிருந்து மேல் நோக்கி நடந்து வீசுவது நல்லது. போலராய்ட் கண்ணாடி போட்டால் பளபளப்பு நீங்கி உள்ளே நிழல்கள் தெரியும்.

சாரல் காலத்தில் மலையில் என்ன பெய்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வந்தாலோ நூலைச் சுற்றிக்கொண்டிருக்காமல் கரையேறிவிட வேண்டும்.

பிசான நெல்லுக்காகக் குளங்கள் நிறைந்து, தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் ஆட்டம் விராலுக்கு மாறுகிறது. விரால் காற்றைக் குடிக்கும் மீன். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து ‘களக்’ என்று ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தமும் குமிழியும்தான் முகவரி. இதற்கு 8-ஆம் எண் கம்பு, 0.40 மில்லிமீட்டர் நரம்பு. விராலின் பல் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். ஃப்ளை என்பது இங்கே தவளை. பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டிச் செய்த தவளை அருமையாக மிதக்கிறது. தாமரை இலைமேல் விழவைத்து, அங்கிருந்து தண்ணீரில் குதிக்கவிட வேண்டும். விரால் தண்ணீரைக் கிழித்து வந்ததும் பதறிக் கம்பை உயர்த்தினால் தவளை மட்டும் திரும்பி வரும். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு, கம்பை உயர்த்தாமல் நூலைக் கையால் இழுத்துக் குத்த வேண்டும்.

ஓரிடத்தில் செந்நிறப் பொடிக்குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போனால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று பொருள். எதை வீசினாலும் அவை பாயும், பசியால் அல்ல. அந்த ஜோடியைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் ஒரே நாளில் பிற மீன்களுக்கு இரை. அதைச் சாமர்த்தியம் என்று படம் எடுத்துப் போடுபவர்களைத் தூண்டில்காரர் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

மஹசீர் பார்க்க ஆசைப்படுபவர்கள் அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகலாம். கோயில் படித்துறையில் பக்தர்கள் போடும் பொரிக்கு முட்டிமோதி வரும் மீன்களுக்கு இடையே அந்த இனமும் உண்டு. 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் 120 பவுண்டு மஹசீர் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. பாபநாசத்தில் பொரிதான் வீசலாம், முள் வீசக்கூடாது.

குளங்களில் இன்னொரு நடைமுறை இருக்கிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவர் காசு கட்டிக் குஞ்சு விட்டிருப்பார். கரையில் கம்போடு நின்றால் காவலாள் வருவது நிச்சயம். முதலில் குத்தகைக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, கட்லா ரோகு பக்கம் போகமாட்டோம், ஜிலேபிதான்” என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும். குண்டாறு, அடவிநயினார் போன்ற அணைகள் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டே கம்பைப் பிரிக்க வேண்டும்.

ஜிலேபி என்கிற திலேப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து, பிறகு நாட்டு மீன்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட இனம். கரையோரம் வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். முள் தண்டில் செம்புக் கம்பி சுற்றிக் கனமாக்கிய குட்டிப் புழு ஃப்ளையை அடியில் ஊர்ந்து வரவிட்டால் உடனே கவ்வும். புதியவர் கை பழகுவதற்கு இதைவிட நல்ல மீன் இந்த வட்டாரத்தில் இல்லை. நாட்டுக் கெண்டையைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் தண்ணீரிலேயே விட வேண்டும். ஜிலேபிக்கு அந்தச் சலுகை தேவையில்லை, நேரே புளிக்குழம்புக்குப் போகலாம்.

(தொடரும்)